சாயத் தொட்டியில் நானோ துகள்: ஆய்வகத்து 98 சதவீதம் பட்டறைக்கு வருமா?

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சிட்டா நூல் போடுகிறோம். பெரும்பாலும் பருத்தி நூலோடு வினைபுரிந்து பிடிக்கும் ரியாக்டிவ் சாயம். அலசுதண்ணியும் சேர்த்துக் கழிவு இரண்டாயிரம் லிட்டர் வருகிறது. எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் தங்கச்சி மகன் வேப்பிலைச் சாறு, ஜிங்க் நைட்ரேட், காஸ்டிக் சோடா வைத்துத் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் செய்திருக்கிறான். அதை மெத்திலீன் ப்ளூ கரைசலில் போட்டு வெயிலில் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் 98 சதவீதம் நிறம் போய்விடுகிறது. அதையே எங்கள் தொட்டியில் போட்டுத் தண்ணியை வெளியே விடலாமா? கிலோ என்ன விலை ஆகும்?"

போட வேண்டாம் அண்ணாச்சி. மருமகன் செய்தது பொய்யில்லை, நல்ல வேலைதான். ஆனால் அவன் பீக்கரில் இருந்த தண்ணியும் உங்கள் தொட்டியில் இருக்கும் தண்ணியும் வேறு வேறு சரக்கு. ஆகவே விலைக் கணக்கை விட்டுவிட்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் உங்கள் பட்டறைக்கு என்ன தேவை என்பது தானாகவே தெரியும்.

முதலில் அந்தத் துகள் என்ன செய்கிறது? நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டிக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் 10 நானோமீட்டர் பக்கமுள்ள பொடியாக ஆக்கினால் மொத்த வெளிப்பரப்பு 600 சதுர மீட்டர், ஏறக்குறைய பதினைந்து சென்ட் நிலம். சாயம் வந்து ஒட்ட அவ்வளவு இடம். நானோ பொருளின் பெருமையில் பாதி இந்தக் கணக்குதான்.

மறுபாதி வெளிச்சத்தில் நடக்கிறது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு போன்றவை குறைகடத்திகள். புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே ஓர் எலக்ட்ரான் கிளம்பி மேலே போகும், அது இருந்த இடம் வெற்றிடமாகும். எலக்ட்ரான் தண்ணியில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடிக்கும். வெற்றிடம் தண்ணியைத் தாக்கி ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துணுக்கை உண்டாக்கும். கண்ணில் பட்ட கரிமப் பொருளையெல்லாம் உடைப்பது இந்த ஹைட்ராக்சில்தான். நன்றாக வேலை செய்தால் சாயம் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணியும் சில உப்புகளுமாக முடியும். 1972-ல் ஜப்பானில் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணியைப் பிரித்துக் காட்டியபின் இந்தத் துறை வேகம் பிடித்தது. சாயக் கழிவுக்கு இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் அதன் கிளைதான்.

இனி மருமகனின் சோதனைக்கு வருவோம். வழக்கமாகக் கல்லூரி ஆய்வகத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ, காய்ச்சி வடித்த தண்ணியில், 100 மில்லி. அதில் 100 மில்லிகிராம் துகள். அதாவது ஒரு மில்லிகிராம் சாயத்தை ஒழிக்க நூறு மில்லிகிராம் மருந்து. பிறகு 664 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று கருவியில் பார்ப்பார்கள். அந்தக் குறைவுதான் 98 சதவீதம்.

அந்த எண் சொல்வது நிறம் எவ்வளவு போனது என்பதை மட்டும். சாயம் உடைந்ததா, துகளின்மேல் ஒட்டிக்கொண்டதா, அல்லது ஆளை மாற்றி ஒளிந்துகொண்டதா என்று அதில் தெரியாது. ஒளிந்துகொள்வது என்றால் என்ன என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாட் சாயத்தில் ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கும் மருந்து போட்டதும் நிறம் மாறுவதையும், நூலைத் தூக்கிக் காற்றுப் பட்டதும் நிறம் திரும்புவதையும் நாள்தோறும் பார்க்கிறவர் நீங்கள். மெத்திலீன் ப்ளூவும் அப்படிப்பட்ட ஆள்தான். ஒடுக்கப்பட்டால், அதாவது எலக்ட்ரான் சேர்ந்தால், நிறமில்லாமல் போகும், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகும்.

அடுத்தது மின்னூட்டம். என்னைக் கேட்டால் முழு விஷயத்திலும் ஆளை ஏமாற்றுவது இதுதான். மெத்திலீன் ப்ளூ நேர் மின்னூட்டம் கொண்ட பேசிக் சாயம். உங்கள் ரியாக்டிவ் சாயம் சல்போனேட் தொகுதிகளைச் சுமக்கும் எதிர் மின்னூட்டக்காரர். துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பு பி.எச். (அமில, கார அளவு) 9-ஐ ஒட்டிய இடத்தில் மின்னூட்டம் மாறும்; அதற்குக் கீழே நேர், அதற்கு மேலே எதிர். நீங்கள் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டுச் சாயம் பிடிக்க வைக்கிறீர்கள், ஆகவே சாயத்தொட்டித் தண்ணி பி.எச். 10, 11-ல் இருக்கும். அங்கே துகளும் எதிர், சாயமும் எதிர். ஒன்றையொன்று தள்ளும். நீலக் கரைசலில் வந்த முடிவை வைத்து உங்கள் சிவப்பையும் கறுப்பையும் கணிக்க முடியாது என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதே சோடா ஆஷ் இன்னொரு கெடுதலும் செய்கிறது. கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் துணுக்குகளை விழுங்கிவிடும். உப்பில் உள்ள குளோரைடும் அப்படியே. சாயத்தை உடைக்க வேண்டியது வழியிலேயே தீர்ந்துபோகிறது. காய்ச்சி வடித்த தண்ணியில் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை என்பதால் மருமகன் பீக்கரில் இது தெரிந்திருக்காது.

வெளிச்சத்தின் கதையும் பார்த்துவிடுவோம். நெல்லை வெயிலுக்கு என்ன குறை என்று நினைக்கலாம். துத்தநாக ஆக்சைடுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 375 நானோமீட்டருக்குக் கீழான கதிர். சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு மொத்தத்தில் ஐந்து சதவீதம் அளவுதான். மீதி வெயில் தண்ணியைச் சூடாக்கும், அவ்வளவே. கடும் கறுப்பு, கடும் நீலம் போட்ட முதல் தொட்டித் தண்ணியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக்கூட ஒளி ஒழுங்காக இறங்காது. நான்கடி ஆழத் தொட்டியில் துகளைக் கொட்டினால் மேல்தோலில் இருப்பது வேலை செய்யும், அடியில் கிடப்பது இருட்டில் கிடக்கும்.

சரி, அளவை மட்டும் பெருக்கிப் பார்ப்போம். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் இரண்டாயிரம் லிட்டருக்கு இரண்டு கிலோ துகள், ஒரு நாளைக்கு. மருமகன் செய்முறையில் ஒரு கிலோ துத்தநாக ஆக்சைடு செய்ய ஏறக்குறைய 3.65 கிலோ ஜிங்க் நைட்ரேட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காஸ்டிக்கும் வேண்டும். துகளைக் கழுவி எடுத்தபின் கழிவில் இரண்டு கிலோவுக்கு மேல் சோடியம் நைட்ரேட் நிற்கும். ஒரு கழிவைச் சுத்தம் செய்யும் மருந்தைச் செய்ய இன்னொரு கழிவு. வேப்பிலைச் சாறு போட்டதால் மட்டும் இது பசுமை வழி ஆகிவிடாது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் வேம்பு, நொச்சி, துளசி, ஆவாரை என்று ஓர் இலை பாக்கியில்லாமல் அரைத்தாகிவிட்டது. இலைச் சாறு துகளின் அளவையும் வடிவத்தையும் கட்டுப்படுத்த உதவும், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் 400, 500 டிகிரியில் உலையில் சுட்டு எடுத்தபிறகும் "இலையின் மூலிகைச் சத்து துகளைப் போர்த்தியிருக்கிறது" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சத்து எப்போதோ எரிந்துபோயிருக்கும்.

போட்ட இரண்டு கிலோவைத் திரும்ப எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. ஆய்வகத்தில் சின்னக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றி அடியில் படிய வைப்பார்கள். இரண்டாயிரம் லிட்டரை எதில் சுழற்றுவது? துகள் தனித்தனியாக மிதந்தால் சாதாரண மணல் வடிகட்டியில் நிற்காது. உங்கள் தண்ணியில் உப்பு அதிகம் என்பதால் துகள்கள் திரண்டு கட்டியாகி ஓரளவு தானாகவே படியும் என்பது உண்மை. ஆனால் திரண்டுவிட்டால் அந்தப் பதினைந்து சென்ட் பரப்பு சுருங்கிப்போகும். எடுக்காமல் விட்டால் துத்தநாகம் கால்வாய்க்குப் போகும். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். நடுநிலைத் தண்ணியிலேயே லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரையும். தண்ணிப்பூச்சி, பாசி, மீன்குஞ்சு இவற்றுக்கு அது நல்லதல்ல. கன்னடியன் கால்வாயில் அது வயலுக்குப் போகும். தாமிரபரணி ஆற்றில் இறங்கினால் கீழே உறைகிணறு போட்டு ஊர் ஊராகக் குடிதண்ணி எடுக்கிறார்கள், தூத்துக்குடி வரைக்கும்.

இவ்வளவும் நிறத்தைப் பற்றி. உங்கள் பட்டறையின் உண்மையான சிக்கல் நிறமே இல்லை, உப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ நூலுக்கு இருபது மடங்கு தண்ணி வீதம் தொட்டியில் 200 லிட்டர். சாயம் நூலில் ஏறப் போடும் உப்பு லிட்டருக்கு 60 கிராம் என்றால் 12 கிலோ. சோடா ஆஷ் லிட்டருக்கு 15 கிராம் என்றால் 3 கிலோ. மொத்தம் 15 கிலோ. இதில் ஒரு பிடிகூட நூலில் தங்காது, அத்தனையும் தண்ணியோடு வெளியே வரும். இரண்டாயிரம் லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 7,500 மில்லிகிராம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிக்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். மூன்றரை மடங்கு. சாயத்தின் கதையைப் பாருங்கள்: மூன்று சதவீத ஷேடுக்கு 300 கிராம் சாயம் போடுகிறீர்கள், முப்பது சதவீதம் பிடிக்காமல் போனாலும் 90 கிராம். பதினைந்து கிலோ உப்புக்கு எதிரே தொண்ணூறு கிராம் சாயம். கண்ணுக்குத் தெரிவது சாயம் என்பதால் ஊரார் சண்டைக்கு வருவது அதற்கு. கிணற்றைக் கெடுப்பதும் நெல்வயல் மண்ணை இறுகவைப்பதும் உப்பு, அதிலும் சோடியம்.

உலகத்தில் இப்படி வெளிச்சத்தில் வேலை செய்யும் எந்த ஒளிவினைத் துகளும் ஒரு கிராம் உப்பைக்கூட எடுக்காது. பளிங்குபோலத் தெரியும் தண்ணியில் 7,500 அப்படியே இருக்கும். திருப்பூர்க்காரர்கள் படித்த பாடம் இது. நொய்யல் ஆற்றிலும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் வந்து நின்றது நிறம் மட்டுமில்லை, உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பையும் தண்ணியையும் மீட்டால்தான் பட்டறையை ஓட்டலாம் என்ற நிலை வந்தது.

ஆகவே நான் சொல்வது இது. முதல் தொட்டித் தண்ணியையும் அலசுதண்ணியையும் ஒரே சாக்கடையில் விடுகிறீர்கள் அல்லவா, அதை இன்றைக்கே பிரியுங்கள். ஒரு குழாயும் ஒரு தொட்டியும்தான் செலவு. நூலைத் தூக்கித் தொட்டிக்கு மேலேயே நன்றாக வடியவிட்டுப் பிழிந்தால், நூலோடு போவது சுமார் 12 லிட்டர் கரைசல், அதில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு. அது 1,800 லிட்டர் அலசுதண்ணியில் கலந்தால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கூடும். உங்கள் கிணற்று உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து, 2,100-க்குள் நிற்க வாய்ப்பு இருக்கிறது. இருநூறு லிட்டருக்குள் அடைபட்ட பதினான்கு கிலோ உப்பைத் தனியாகச் சமாளித்துக்கொள்ளலாம்.

அந்த இருநூறு லிட்டருக்கு நம் வெயில் உதவும். புற ஊதா ஐந்து சதவீதம் என்றேன், ஆவியாக்குவதற்கு மீதி வெயிலும் சேர்ந்து வேலை செய்யும். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால் இருநூறு லிட்டருக்கு 40 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட். உப்புக் கூடக் கூட ஆவியாவது மட்டுப்படும், அதனால் இரண்டு சென்ட் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் வரப்பு. தூத்துக்குடி உப்பளக்காரர்கள் அறிந்த வேலைதான். ஐப்பசி கார்த்திகையில் இது ஓடாது, மழைக்கு முன்னால் காய்ந்ததை வாரி மூட்டை கட்டிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நாள் வந்தால் பாத்தியில் கிடக்கும் ஒரு வருட உப்பு ஒரு மணி நேரத்தில் ஆற்றில் இருக்கும். வாரிய உப்பு சாயம் கலந்தது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவோ குழியில் புதைக்கவோ கூடாது. அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வாரிய அலுவலகத்தில் அதற்கான விவரம் கிடைக்கும். பட்டறை நடத்த வாரியம் தந்த உங்கள் இசைவு ஆணை நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தாமிரபரணியை ஒட்டிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிதாகச் சாயப்பட்டறை வைக்க அரசாணைத் தடை உண்டு, பழைய பட்டறை என்றால் காகிதங்கள் சரியாக இருப்பது முக்கியம்.

அலசுதண்ணிக்கு அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சுண்ணாம்பும் போதும். நாகரிகமான பெயர் இல்லை என்பதால் யாரும் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை. ரியாக்டிவ் சாயம் தண்ணியில் முழுக்கக் கரைந்திருப்பதால் படிகாரத்துக்கு அவ்வளவாக மசியாது. அன்னபேதியில் உள்ள இரும்பு, சுண்ணாம்போடு சேரும்போது சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) ஒடுக்கி அறுக்கவும் செய்யும், திரண்டு படியும்போது சாயத்தை இழுத்துக்கொண்டு இறங்கவும் செய்யும். ஆனால் அசோ பிணைப்பு அறுந்தால் நிறமில்லாத அமீன்கள் வரும், சிலவற்றில் கெடுதல் அதிகம். பென்சிடின் வகைச் சாயங்களை 1990-களில் நம் நாட்டில் தடை செய்ததற்குக் காரணம் அப்படி வரும் பென்சிடின் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான். ஆகவே பெயர் ஒட்டாத பொட்டலச் சாயத்தை மலிவு என்று வாங்காதீர்கள். படிந்த தண்ணியைக் காற்றூட்டி, மணலில் வடித்து, கடைசியாகக் கரி வழியே விடுங்கள்.

கரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். தேங்காய்ச் சிரட்டைக் கரி நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும், அயோடின் எண் அதிகம் என்று கடைக்காரர் சொல்வார். அந்த எண் மிகச் சிறு துளைகளின் கணக்கு. மெத்திலீன் ப்ளூவின் மூலக்கூறு எடை 320, அது அந்தத் துளையில் நுழைந்துவிடும். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயத்தின் எடை ஆயிரத்தை ஒட்டி வரும், அது வாசலிலேயே நின்றுவிடும். மரக்கரியில் செய்த, கொஞ்சம் அகலத் துளையுள்ள ஊக்குவித்த கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) கேளுங்கள். தேற்றாங்கொட்டை உரைத்தால் ஆகாதா என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். கலங்கல் தண்ணிக்கு அது அருமையான மருந்து. கரைந்த சாயத்துக்கு அதை நம்பிப் பட்டறை நடத்த முடியாது.

இவ்வளவு சொன்னதால் நானோ எல்லாமே வெறும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிலில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும் நானோ ஒன்று இருக்கிறது, ஆனால் அது பொடியில்லை, சவ்வு. நானோ வடிகட்டி என்பார்கள். துளை ஒரு நானோமீட்டர் அளவு. சாயம் அந்தப் பக்கம் போகாது, சாதாரண உப்பு போய்விடும். அப்படி வரும் நிறமற்ற உப்புத் தண்ணியை அடுத்த சாயத்தொட்டிக்கே திருப்பிவிடலாம். திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புநீரை இப்படி மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைகள் நடக்கின்றன. நீங்கள் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடுகிறவர் என்றால் சல்பேட்டைச் சவ்வு பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால் இந்த வழிக்குக் கல்லுப்பே தோது. உயர் அழுத்த மோட்டார், சவ்வு அடைப்பு, கழுவு மருந்து என்று செலவு இருப்பதால் ஒற்றைப் பட்டறைக்குக் கட்டாது. உங்கள் தெருவில் ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் மூலம் கேட்டால் யோசிக்கலாம்.

ஒளிவினைத் துகளுக்கும் ஓர் இடம் உண்டு, வரிசையின் கடைசியில். அன்னபேதி போட்டுப் படிய வைத்து, காரத்தைக் குறைத்து, லேசான சாயல் மட்டும் மிஞ்சிய தண்ணியில் ஒளி இறங்கும். துகளைப் பொடியாகத் தூவாமல் கண்ணாடித் தகட்டிலோ ஓட்டிலோ பூசிப் பதித்து, அதன்மேல் தண்ணியை மெல்லிசாக ஓடவிட்டால் திரும்ப எடுக்கும் தொல்லை இல்லை. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் 1,800 லிட்டரைப் பரப்ப 36 சதுர மீட்டர் வேண்டும், இங்கேயும் ஒரு சென்ட்டுக்குப் பக்கம் வருகிறது. இதற்குத் துத்தநாக ஆக்சைடைவிடக் கரையாத டைட்டானியம் டைஆக்சைடு மேல். உவரிக் கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட்டில்கூட டைட்டானியம் இருக்கிறது, ஆனால் மணலை அள்ளிப் போட்டால் ஆகாது. பெயின்ட் கடை வெள்ளைப் பொடியும் ஆகாது. வெயிலில் பெயின்டையே அரித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பொடியின்மேல் சிலிக்காவும் அலுமினாவும் பூசி, ஒளிவினையை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள். காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் துகளோடு சேர்த்துச் செய்து, வேலை முடிந்ததும் காந்தத்தால் வாரி எடுக்கும் வழியும் ஆய்வில் நன்றாக நடக்கிறது. தொட்டி அளவில் அவ்வளவு வலுவான காந்த ஏற்பாடு செய்வது இன்னொரு செலவு.

மருமகனுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவனிடம் இதைக் காட்டுங்கள்.

தம்பி, அடுத்த சோதனையை இருட்டில் தொடங்கு. துகளைப் போட்டு அரை மணி நேரமாவது கலக்கி, எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று பார்த்துவிட்டுப் பிறகு வெயிலுக்குக் கொண்டு போ. துகள் இல்லாமல் சாயத்தை மட்டும் அதே வெயிலில் இன்னொரு பீக்கரில் வை. மெத்திலீன் ப்ளூ தானாகவே கொஞ்சம் வெளுக்கும். முடிந்தபின் துகளை எத்தனாலில் கழுவிப் பார், நீலம் இறங்கினால் அது உடையவில்லை, ஒட்டியிருந்தது. நிறத்தோடு நிறுத்தாமல் சி.ஓ.டி. (தண்ணியில் உள்ள கரிமச் சுமையை ஆக்சிஜன் கணக்கில் சொல்லும் எண்) எடு, முடிந்தால் மொத்தக் கரிமக் கார்பனும் எடு. நிறம் 98 போய், கார்பன் 30 மட்டும் போயிருந்தால் அந்த 30-ஐயும் தைரியமாக எழுது, நல்ல தேர்வாளர் அதற்குத்தான் மதிப்பெண் போடுவார். வடிகட்டிய தண்ணியில் துத்தநாகம் எவ்வளவு என்று அணு உறிஞ்சல் கருவியில் பார்த்துவிடு. ஐந்து முறை திரும்பப் பயன்படுத்தினேன் என்று எழுதும்போது ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிகிராம் துகள் காணாமல் போனது என்பதையும் எழுது. எக்ஸ்ரே வரைபடத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தருவது படிக அளவு. தண்ணியில் துகள் எவ்வளவு பெரிய கட்டியாக மிதக்கிறது என்பது வேறு கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் நிறமுள்ள சாயத்தை வைத்து நிரூபிக்காதே. சாயமே ஒளியை வாங்கித் துகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தானும் அழியும், அது உன் துகளின் திறமை ஆகாது. பினால் போல நிறமற்ற ஒன்றை எடுத்துக்கொள்.

மாமாவின் ரியாக்டிவ் தண்ணிதான் வேண்டும் என்றும் இல்லை. கோரை, தென்னை நார் போன்ற லிக்னின் உள்ள நாருக்குப் பேசிக் சாயம் நன்றாகப் பிடிக்கும். பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்க் கோரைக்குப் பேசிக் சாயம் காய்ச்சும் ஒரு வீட்டில் கேட்டு, மிஞ்சிய தண்ணியில் ஒரு பாட்டில் வாங்கி வா. அதில் ரியாக்டிவ் தொட்டியைப்போல அள்ளிக் கொட்டிய உப்பு இருக்காது, சாயம் உன் மெத்திலீன் ப்ளூ வகையைச் சேர்ந்தது, அளவும் குடக்கணக்கில்தான். உன் துகள் நிஜத் தண்ணியில் எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே தெரியும். பக்கத்திலேயே சாதாரணக் கரியையும் அதே எடையில் வைத்து ஒப்பிடு. கரி ஜெயித்தால் அதையும் எழுது.

அண்ணாச்சி, உங்களுக்கு இந்த வார வேலை: ஐந்து ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி எடுத்து, ஒரே நாள் அலசுதண்ணியை ஊற்றி, 200, 400, 600, 800, 1,000 மில்லிகிராம் என்று அன்னபேதியைக் கூட்டிக்கொண்டே போங்கள். சுண்ணாம்புத் தெளிவு விட்டு பி.எச். 9-க்கும் 10-க்கும் நடுவில் நிறுத்தி, வேகமாக ஒரு நிமிடம், மெதுவாகப் பத்து நிமிடம் கலக்கி, அரை மணி நேரம் படியவிடுங்கள். எந்த ஜாடியில் தெளிவு வந்து அடியில் சேறு குறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. ஷேடு மாறினால் அளவும் மாறும், கறுப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த ஜாடித் தெளிவில் அரை லிட்டரை மருமகன் கையில் கொடுத்து, அவன் கல்லூரியில் சி.ஓ.டி.யும் கரைந்த உப்பும் பார்க்கச் சொல்லுங்கள். வாரிய வரம்பு சி.ஓ.டி.க்கு 250 மில்லிகிராம். அந்த இரண்டு எண்களோடு வாருங்கள், தொட்டி எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.